சூழ்வதா, வளைப்பதா, அடைப்பதா?

‘போலீசார் வீட்டைச் சுற்றி வளைத்தனர்’ என்ற வரியை ஆங்கிலமாக்கிய மாணவர் ஒருவர் ‘என்க்ளோஸ்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். படித்தால், போலீசார் ராவோடு ராவாக மதில் எழுப்பியதுபோல் இருந்தது. அங்கே வேண்டியது ‘சரவுண்ட்’.

சந்தேகம் வந்தால் ‘சரவுண்ட்’ போடுங்கள், பெரும்பாலும் தப்பாது. ஊரைச் சூழ்ந்த மலைக்கும் அதுதான், நடிகரைச் சூழ்ந்த கூட்டத்துக்கும் அதுதான். நடுவே இடைவெளி இருந்தாலும் பாதகமில்லை. வேடிக்கை என்னவென்றால், வட்டத்தைச் சொல்லும் ‘ரவுண்ட்’டுக்கும் இதற்கும் பிறப்பில் உறவே கிடையாது. கரை மீறிப் பெருகும் நீரைக் குறித்த லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது; ஒலி ஒத்துப்போனதால் ‘சுற்றி’ என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ‘குடியிருப்புகளைச் சூழ்ந்தது வெள்ளம்’ என்று மழைக்காலந்தோறும் வரும் நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

‘என்க்ளோஸ்’ என்றால் எல்லை அடைபட வேண்டும்: மதில், கம்பி, கடித உறை. தபால் உறைக்குள் வைத்த சான்றிதழ் ‘என்க்ளோஸ்டு’. மின்னஞ்சலில் போனால் ‘அட்டாச்டு’. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலத்தை அடைத்துத் தனிச்சொத்தாக்கியதற்கும் ‘என்க்ளோஷர்’ என்றே பெயர். 1604 முதல் 1914 வரை அதற்காக நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள் 5,000-க்கும் மேல்.

வேலியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கம்பி ஒன்றே, நோக்கம் வேறு. ஆடு வெளியே போகாதிருக்கப் பட்டி அடைத்தால் ‘ஃபென்ஸ் இன்’. அதே ஆடு கீரைப் பாத்தியில் வாய்வைக்காதிருக்கப் பாத்தியைத் தடுத்தால் ‘ஃபென்ஸ் ஆஃப்’.

முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், பக்கத்தில் சுவர். நடுவில் உங்கள் வண்டி. அந்தக் கடுப்புக்கு ‘ஹெம் இன்’. தையற்காரர் மடித்துத் தைக்கும் துணியோரம்தான் அந்த ‘ஹெம்’. ‘என்சர்க்கிள்’ வளையமாக நிற்பதற்கு. பேச்சில் அதிகம் வராது.

மிச்சமிருப்பது ‘ஆட்சியர் அலுவலகம் முற்றுகை’. ‘பெசீஜ்’ போட்டால் வெளிநாட்டு வாசகர் பீரங்கியைத் தேடுவார். 1960-களில் மேற்கு வங்கத் தொழிலாளர் போராட்டங்களால் பரவலாகி, ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்ட ‘கெராவ்’ இருக்கிறது; இந்திய வாசகருக்கு அது போதும். ஆனால் செய்தியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பாதி நேரம் அது ‘முற்றுகையிட முயன்றவர்கள் கைது’ என்றுதான் இருக்கும். ‘டிரைடு டு’ சேர்க்க மறந்துவிடாதீர்கள்.