பூனை முக்குகிறதா, மணி பாருங்கள்

அடையாறின் காந்தி நகர், கஸ்தூரிபா நகர் மதில்களில் திரியும் நாட்டுப்பூனைகள் குட்டி போட நம் தயவை எதிர்பார்ப்பதில்லை. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாலோ, பரணில் கொலுப் பெட்டிகளுக்கு நடுவிலோ வேலையை முடித்துவிட்டு, பசியோடு வந்து வாசலில் நிற்கும். ஃப்ளாட்டுக்குள் வளரும் பூனைகளுக்குத்தான் நாம் தேவைப்படுகிறோம். அதிலும் பெர்ஷியன் மாதிரி தட்டைமுக இனங்களுக்குப் பிரசவச் சிக்கல் கூடுதல். குட்டிகளின் தலை அகலம்.

உதவி என்றால் இழுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி உதவி, மணி பார்த்து எழுதி வைப்பதுதான். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் கை வைப்பதும், ஆட்டோ கூப்பிட வேண்டிய நேரத்தில் “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று உட்கார்ந்திருப்பதும்தான் வீடுகளில் வழக்கமாக நடக்கிறது.

முன்கூட்டியே

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 67 நாள். இணை சேர்ந்த தேதி தெரிந்தால் காலண்டரில் குறித்துவிடுங்கள். 70 நாள் நெருங்கியும் வலி வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். 55ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். செலவு பார்த்து இதை விட்டுவிடாதீர்கள். ‘முடிந்ததா, இன்னும் உள்ளே இருக்கிறதா’ என்று நள்ளிரவில் வரும் கேள்விக்கு அந்த ஒரு படம்தான் பதில்.

உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யாரைக் கூப்பிடறது? சிசேரியன் உங்க கிளினிக்ல பண்ணுவீங்களா?” பல சிறிய கிளினிக்குகளில் இரவில் அறுவைசிகிச்சை கிடையாது. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; ஆனால் அடையாறிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து போக வேண்டும். இரவு ஏற்பாடு என்ன என்று பகலிலேயே போன் செய்து தெரிந்துகொள்ளுங்கள். பூனை வலியில் இருக்கும்போது போனை எடுக்கும் ஒரு டாக்டரின் எண்தான் கைகொடுக்கும்.

ஒரு அட்டைப்பெட்டி, பழைய பருத்தித் துண்டுகள், கையுறை, தண்ணீரில் கரையும் ஜெல்லி, கொதிக்கவைத்த நூல், கத்தரிக்கோல், பொவிடோன் அயோடின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், சமையலறைத் தராசு, தூக்கிப் போகும் கூடை. இவை போதும். பெட்டியை ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வையுங்கள். அப்படியும் அவள் உங்கள் பீரோவின் பட்டுப்புடவை அடுக்கையே தேர்ந்தெடுத்தால், புடவையைக் காப்பாற்றலாம், ஆனால் அவளைப் பாதியில் தூக்கி இடம் மாற்றாதீர்கள்.

வலி தொடங்கியதும்

பூனையின் உடல் வெப்பம் சாதாரணமாக 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வைத்துப் பார்க்கையில் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். சாப்பாட்டைத் தொடமாட்டாள், துணியைப் பிராண்டுவாள், இருப்புக்கொள்ளாமல் அலைவாள், மூச்சு வாங்குவாள், சத்தமாகக் குர்குர்ப்பாள். இந்தக் கட்டம் 12 மணி நேரம், முதல் ஈத்தில் சில சமயம் 24 மணி நேரம்கூடப் போகும். இதில் உங்களுக்கு வேலை இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துக் காட்டவும் வேண்டாம். அவள் பயந்தால் வலி நின்றுவிடும்.

முக்கல் வேறு. வயிறு இறுகி, பக்கவாட்டுத் தசை அலையாக ஓடி, உடம்பு முழுக்க அழுத்தம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த நிமிடத்தை எழுதுங்கள். பலமாக முக்கத் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை என்றால் டாக்டருக்குப் போன். சன்னமான வலி விட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை என்றாலும் போன்தான்.

குட்டிகளுக்கு இடையே பொதுவாகப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். சில பூனைகள் இரண்டு குட்டி போட்டுவிட்டு ஒரு நாள்கூட நிறுத்திவைக்கும். அப்போது அவள் முக்காமல் படுத்து, குட்டிகளை நக்கி, பால் கொடுத்து, நீட்டினால் சாப்பிட்டாள் என்றால் பயமில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முக்கிக்கொண்டே இருப்பதும், சோர்ந்து சுருண்டு கிடப்பதும், வாந்தி எடுப்பதும் ஓய்வு அல்ல. முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ கசிந்தாலும், நாற்றமடித்தாலும், சிவந்த ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்தாலும் போனோடு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

குட்டி பாதியில் நின்றால்

பின்னங்கால்கள் முதலில் வருவது பூனைக்குச் சகஜம்; கால் தெரிந்தவுடன் பதறாதீர்கள். வால் மட்டும் தெரிந்து கால்கள் உள்ளே மடங்கியிருந்தால்தான் கடினம். எதுவாக இருந்தாலும் குட்டி வெளியே தெரிந்து, இரண்டு மூன்று முக்கலுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் முதலில் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். பிறகு கை கழுவி, கையுறை மாட்டி, குட்டியைச் சுற்றி விளிம்பில் ஜெல்லி தடவுங்கள். மெல்லிய துணியால் குட்டியின் உடம்பை, முடிந்தால் இடுப்பையோ தோளையோ சேர்த்துப் பிடியுங்கள். ஒற்றைக் கால், வால், தலை எதையும் தனியாகப் பிடிக்கக் கூடாது. அவள் முக்கும்போது மட்டும், நேராக அல்ல, அவளுடைய பின்னங்கால் பக்கமாக வளைத்து மெதுவாக இழுங்கள். அவள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், பிடியை மட்டும் விடாதீர்கள். விரலை உள்ளே விட்டுத் துழாவ வேண்டாம். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் உங்கள் பங்கு முடிந்தது. கூடையில் வைத்துக் கிளம்புங்கள்.

கைக்கு வரும் குட்டி ஈரமாக, உள்ளங்கைக்குள் அடங்கி, ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். தாய் ஒரு நிமிடத்தில் சவ்வைக் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் மூக்குப் பக்கத்திலிருந்து கிழியுங்கள். தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து வாயையும் மூக்கையும் துடைத்து, முதுகைத் துண்டால் அழுத்தித் தேயுங்கள், சன்னமான ஒரு கீச்சுச் சத்தம் வரும்வரை. சிலர் குட்டியைச் சுழற்றி உதறுவார்கள். அது மூளையில் ரத்தக்கசிவு உண்டாக்கும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால் வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி அயோடின் வையுங்கள். நஞ்சுக்கொடிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். குட்டி எண்ணிக்கையைவிடக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியில் ஒன்றிரண்டை அவள் தின்றால் தவறில்லை.

யாரோ சொன்னார்கள் என்று ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடவே கூடாது. குட்டி வழியை அடைத்திருக்கும்போது கர்ப்பப்பையை விரட்டினால் அது கிழியும். வலி தாங்கவில்லையே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

போனிலும் வழியிலும்

“மேடம், ரெண்டு வயசு பெர்ஷியன், முதல் ஈத்து, 65ஆம் நாள். 11:10க்கு முதல் குட்டி, 11:50லேர்ந்து பலமா முக்கறா, இப்போ 12:20. எக்ஸ்ரேல நாலு.” இவ்வளவு சொன்னால் டாக்டர் அடுத்ததை முடிவு செய்துவிடுவார். பிறந்த குட்டிகளையும் கூடவே எடுத்துப் போங்கள், ஆனால் தனிப் பெட்டியில். ஆட்டோ குலுங்கும்போது வலியில் புரளும் தாய் அவற்றை நசுக்கிவிடக்கூடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில்கூட ஏசிக் காரில் ஈரக்குட்டி விறைத்துப்போகும். முதல் வாரம் அதற்கு 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் கதகதப்பு வேண்டும்.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு குட்டியும் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாத குட்டிக்கு ஆவின் பால் ஆகாது, பெட் ஷாப்பில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்மாவுதான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி சினைபிடிக்கக்கூடும் என்பதால், பால் மறந்ததும் கருத்தடைக்கு எந்தத் தேதி என்பதை அதே டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை பால்கனிக் கதவு சாத்தியே இருக்கட்டும்.