லயத்துக் குட்டி எவ்வளவு வளரும்?

"பங்களா அல்சேஷனுக்குப் பிறந்தது, காதைப் பாருங்க" என்று சொல்லித்தான் தோட்டங்களில் நாய்க்குட்டி கைமாறும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் லயத்துக் குட்டிகளுக்குத் தகப்பன் என்று பெயர் வாங்காத துரை வீட்டு நாய் கிடையாது. காவலுக்கென்று ஆசையாய் வாங்கிய குட்டி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். சின்ன நாய்தானே என்று காம்பராவுக்குள் வளர்த்தது முப்பது கிலோவாகி வழியை அடைத்துப் படுத்துக்கொள்ளும். தகப்பன் யாரென்று உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனைதான் வழி. எவ்வளவு பெரிதாகும் என்பதற்கோ ஒரு தராசும் சில வாரப் பொறுமையும் போதும்.

1. தாயைப் பாருங்கள்

சந்தேகமில்லாத சாட்சி தாய் ஒன்றுதான். பால் கொடுக்கிற நாய் மெலிந்திருக்கும் என்பதால் சதையைப் பார்க்காமல் தோள் உயரத்தையும் கால் எலும்பின் பருமனையும் பாருங்கள். தோட்டத்து நாட்டு நாய்கள் பெரும்பாலும் 12 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும். அல்சேஷன் கடுவன் 30 முதல் 40 கிலோ, லெப்ரடோர் கடுவன் 29 முதல் 36 கிலோ வரும். தாய் 14 கிலோ, சொல்லப்படும் தகப்பன் 34 கிலோ என்றால், அந்தப் பேச்சு உண்மையாக இருக்கும்பட்சத்தில் குட்டிகள் 24 கிலோவை ஒட்டி வளரவேண்டும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு தராசு இதை ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்போம்.

2. ஒன்பது வாரம் பின்னுக்கு எண்ணுங்கள்

நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டி பிறந்த நாளிலிருந்து ஒன்பது வாரம் பின்னுக்குப் போய், அப்போது பங்களா நாய் கட்டில் இருந்ததா, அவிழ்ந்து திரிந்ததா என்று வாட்சரிடம் விசாரியுங்கள். நுவரெலியாவில் ஜூன் நடுவில் பிறந்த குட்டியென்றால் ஏப்ரல் சீசனுக்கு வெளியூரார் கூட்டிவந்த நாய்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று தகப்பன்கள் இருக்கவும் இடமுண்டு. அதனால் கூடப் பிறந்த குட்டியை வைத்து உங்கள் குட்டியை எடைபோடாதீர்கள்.

வெளிநாட்டு நாய் இந்த மலைக்குப் புதிதுமல்ல. 1848-இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடுகளோடு வேட்டை நாய்களையும் கொண்டுவந்தார். தொங்கு காது கண்டதும் போன வருடத்து லெப்ரடோரைத் தேடத் தேவையில்லை. அது பல தலைமுறைக்கு முந்திய கலப்பாகவும் இருக்கலாம்.

3. பல்லைப் பார்த்து வயதைச் சரிசெய்யுங்கள்

வயது பிழைத்தால் கணக்கு முழுதும் பிழைக்கும். பால்பல் மூன்றாம் வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 28 பல்லும் வந்துவிடும். எல்லாம் ஊசிபோல் கூராக இருக்கும். நான்கு மாதமளவில் முன்பற்கள் விழுந்து மாறும். கோரைப்பல் ஐந்து, ஆறு மாதத்தில் மாறும். ஏழு மாதத்தில் 42 பல்லும் நிறைந்திருக்கும்.

"ரெண்டு மாசம்" என்று தந்த குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்வரிசையின் நடுவில் அகலமான புதுப்பல் இரண்டு நின்றால் அதற்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். ஏழு கிலோ நிறையுள்ள குட்டிக்கு இரண்டு மாதம்தான் என்றால் அது பெரிய நாயின் வாரிசு. நான்கு மாதம் என்றால் சாதாரண நாட்டு நாய்.

4. வாராவாரம் நிறுங்கள்

முதலில் பூச்சி மருந்து. லயத்துக் குட்டிகளின் உப்பிய வயிறு பலவேளை கொழுப்பல்ல, பூச்சிதான். பூச்சி இருக்கும்வரை தராசு சொல்வதை நம்பமுடியாது. மருந்தின் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று கிடைத்தால் நல்லது. குட்டியைச் சாக்குக்குள் விட்டு, தலை வெளியே தெரியத் தொங்கவிடுங்கள். கொழுந்துக்குச் சாக்குக் கழிப்பதுபோல இங்கேயும் கழியுங்கள், சாக்கு என்ன நிறையோ அவ்வளவு மட்டும். ஒரே கிழமையில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து கலண்டரில் எழுதுங்கள். மூன்று நான்கு மாத வயதில் வாரம் அரைக் கிலோ அளவில் ஏறினால் நடுத்தர நாய். ஒரு கிலோவும் அதற்கு மேலும் ஏறினால் பெரிய நாய் வருகிறது.

5. ஏமாற்றும் அடையாளங்களை ஒதுக்குங்கள்

கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு: டொபர்மனுக்கும் ரொட்வைலருக்கும் உள்ளதுதான், நாட்டு நாய்களிலும் தாராளமாக உண்டு.

நிமிர்ந்த காது: நாட்டு நாய்க்கும் நிமிரும். பல் மாறும் காலத்தில் ஒரு காது நிமிர்ந்து மற்றது மடங்கும். ஆறு மாதம்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

புசுபுசு மயிர்: குளிரில் உப்பி நிற்கும் குட்டிமயிரைப் பார்த்துப் "பொமேரியன் கலப்பு" என்பார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு அது உதிரும். நீள மயிர் ஒடுங்கு பண்பு. குட்டையான மயிருள்ள தாய்க்கு முதல் கலப்பில் பிறப்பவை பெரும்பாலும் குட்டை மயிரோடுதான் இருக்கும்.

பின்னங்கால் கூடுதல் நகம்: ராசி என்று வைத்துக்கொள்ளலாம், இனத்துக்குச் சான்றாகாது.

நம்பத்தக்கது குட்டைக் கால். டேஷண்டின் வளைந்த குட்டைக் கால் ஓங்கு பண்பு, பாதிக் கலப்பிலேயே தெரிந்துவிடும். அடுத்தது முன்னங்கால் மணிக்கட்டு எலும்பு. அது தடித்து முண்டாகத் தெரிந்தால் இன்னும் நிறைய வளர்ச்சி பாக்கியிருக்கிறது.

முகச்சாயலை நம்புவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பசென்ஜி நாயையும் கொக்கர் ஸ்பானியலையும் இணைத்துப் பார்த்து, 1965-இல் நூலாக எழுதினார்கள். பெற்றோர் இரண்டும் அசல் இனம். அப்படியிருந்தும் குட்டிகள் இரண்டின் சாயலிலும் இல்லை.

6. கணக்குப் போடுங்கள்

வளர்ந்தபின் 10 கிலோவுக்குள் நிற்கும் நாய் 14 வாரமளவிலும், நடுத்தர நாய் 16 வாரமளவிலும், பெரிய நாய் 20 வாரமளவிலும் தன் முழு நிறையில் பாதியை எட்டும். 16 வாரத்தில் 7 கிலோ இருந்தால் இரட்டித்து 14. கூடக்குறைய இரண்டு கிலோ விட்டு, 12 முதல் 16 என்று எழுதுங்கள். முதற்படியில் குறித்த 24-உடன் இது ஒத்துவராவிட்டால், பங்களா நாயைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கலாம். தாய் வயிறு நிறையாமல் பால் கொடுத்திருந்தால் குட்டி கொஞ்சம் பின்தங்கியிருக்கும். நல்ல சாப்பாடு கொடுத்து ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுங்கள்.

7. விடையை வைத்துச் செய்யவேண்டியது

சங்கிலியையும் கூட்டையும் எப்போதும் கணக்கின் மேல் எல்லைக்கு வாங்குங்கள். சிறிய நாய் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வளர்ந்து முடியும். பெரியது ஒன்றரை வருடம் எடுக்கும், அதுவரை சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. தேயிலை மலைகளில் சிறுத்தை நாயைத் தேடி லயம்வரை வருவதுண்டு. இருபது கிலோ நாயும் அதற்கு இரைதான். ஆகவே கணக்கு என்ன சொன்னாலும் இரவில் வெளியே கட்டிப்போடாதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் எல்லா அளவுக்கும் ஒன்றுதான்.

தகப்பன் யாரென்று கேட்பவர்களிடம் பிடித்த பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். சோற்றின் அளவை மட்டும் தராசைப் பார்த்துப் போடுங்கள்.