ஓடுதளத்தின் இருபுறமும்

தாயி,

சின்ன விமான நிலையம் ஒன்றின் திட்டப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். நெல்லை வண்ணார்பேட்டை வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷம். ஓடுதளமும் வடிகாலும் போட்டே காலத்தைக் கழித்தவன் நான். புத்தகத்தில் உள்ளதை நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். படிப்பில் வராத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் விமானம் ஏற ஒருகாலத்தில் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனார்கள். 1992இல் வாகைகுளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் வந்தது. 1,350 மீட்டர் ஓடுதளம், சின்னதாக ஒரு கட்டடம், அவ்வளவுதான். அதே இடத்தில் 2025 ஜூலை 26 அன்று பிரதமர் புது முனையத்தைத் திறந்துவைத்தார். செலவு 450 கோடி ரூபாய்க்கு மேல். ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். நெரிசல் நேரத்தில் மணிக்கு 1,440 பயணிகளைத் தாங்கும் முனையம். இரண்டுக்கும் நடுவே போன முப்பத்துமூன்று வருஷத்தை நினைத்துக்கொண்டு மேலே படி.

1. முதலில் நட. கணினியைத் திறக்கும் முன்னால் நிலத்தின் நாலு மூலைக்கும் போய் வா. ஆடிக் காற்றில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, சித்திரை நடுப்பகலில் ஒரு முறை. வாகைகுளம் ஓடுதளத்தின் இரு முனையிலும் 10, 28 என்று எழுதியிருக்கும். 100 பாகையும் 280 பாகையும்தான் அந்த எண்கள். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பார்த்து ஏறவும் இறங்கவும் தோதான திசை அது. ஆண்டில் 95 விழுக்காடு நேரமாவது பக்கக்காற்று தொந்தரவு செய்யாதபடி ஓடுதளத்தை அமைக்க வேண்டும் என்பது உலக விதி. ஆனால் எந்த விமானத்துக்குத் தொந்தரவு என்று கேள். 1,500 மீட்டருக்குக் குறையாத ஓடுதளம் தேவைப்படும் பெரிய விமானத்துக்கு மணிக்கு 37 கிலோமீட்டர் பக்கக்காற்று வரை கணக்கில் கொள்வார்கள். 1,200 மீட்டருக்கும் குறைவான தளத்தில் இறங்கும் சின்ன விமானத்துக்கு அதுவே 19 கிலோமீட்டர்தான். உன் நிலையத்துக்கு வருகிறவர்களில் மெலிந்தவர் யாரோ, அவரை வைத்துக் காற்றை அள.

2. தண்ணீரிடம் பணிவாக இரு. இதை நான் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. அந்தச் சீமைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறியது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடி விமானங்கள் ரத்தாயின.

நம் மண்ணில் குளங்கள் தனித்தனியே இல்லை. ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அந்த வரிசைக்கு நடுவில் மூன்று கிலோமீட்டர் ஓடுதளம் போடுகிறாய் என்றால், நீ நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஒரு குளத்துக் கரையைக் கட்டுகிறாய். கரை கட்டுகிறவன் மடை வைக்காமல் போகலாமா? வருவாய்த்துறையின் பழைய புலப்படங்களை வாங்கிப் பார். ஓடை புறம்போக்கு என்று எழுதியிருக்கும் இடம் இருபது வருஷமாகக் காய்ந்து கிடந்தாலும் அது ஓடைதான். ஊர் நீர்ப்பாய்ச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊரில் ஒரு பெரியவர் கம்பை ஊன்றி, ‘இதுவரைக்கும் ஏறும்’ என்று காட்டினார். கணக்குப் போட்டவர்கள் சிரித்தார்கள். திட்டத்தின் தலைமைப் பொறியாளர் சிரிக்கவில்லை. கம்பு நின்ற உயரத்தைக் குறித்துக்கொண்டு பாலக்கண்களைப் பெரிதாக்கச் சொன்னார். செலவு ஏறியது, மேலிடத்தில் கோபம் வந்தது, மனிதர் அசையவே இல்லை. அவரிடம்தான் இந்த வேலை இன்னதென்று நான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. வடிகால் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், தேக்கக் கூடாது. வேலிக்குள் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வரும். அவை வந்தால் எஞ்சினுக்கு ஆபத்து. அதற்காக உன் தண்ணீரை அடுத்தவர் வயலில் தள்ளிவிடாதே. அவர்கள் சாபத்தை வாங்கிக்கொண்டு ஒரு நிலையம் நன்றாக இருக்காது.

3. காலி நிலத்துக்குக் காவலாக இரு. உன் வேலை முழுவதையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கருவிகளை நம்பி விமானம் இறங்கும் பெரிய ஓடுதளத்துக்கு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் காலித் தரை வேண்டும். ஓடுதளம் முடிந்த பிறகு 60 மீட்டர், அதற்கப்பால் பாதுகாப்புப் பகுதியாகக் குறைந்தது 90 மீட்டர். 240 மீட்டர் இருந்தால்தான் நல்லது. தளத்தை விட்டு விலகும் விமானத்தில் இருக்கும் உயிர்களுக்கு அந்தப் புல்தரைதான் துணை. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் இடம். ஒருவர் வாகனம் நிறுத்தக் கேட்பார். ஒருவர் சூரியத் தகடு வைக்கக் கேட்பார். பெரிய மனிதர் சிபாரிசோடு ஒருவர் வருவார். எல்லாருக்கும் மரியாதையாக நாற்காலி போடு, தண்ணீர் கொடு, வரைபடத்தை விரித்துக் காட்டி மறுத்துவிடு. குரலை உயர்த்தி மறுக்கிறவரைச் சீக்கிரம் மாற்றிவிடுவார்கள். காரணத்தை எழுதிக் கோப்பில் வைத்து மறுக்கிறவரை அசைப்பது கடினம்.

4. வேலிக்கு வெளியேயும் உனக்கு உறவு வேண்டும். விமானம் இறங்கிவரும் பாதை 50க்கு 1 என்ற சரிவில் காலியாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் 20 மீட்டருக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் தேரிக்காட்டுப் பனை அந்த உயரத்தைத் தாண்டி வளரும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்ததும் நினைவிருக்கட்டும். அது ஒரு குடும்பத்தின் பதநீரும் கருப்பட்டியும் ஆயிற்றே. ஆகையால் எந்த மரம் தடை, எது தடையில்லை என்று அளந்துவிட்டு அப்புறம் பேசு. கட்டட உயரத்துக்கு நிறம் தீட்டிய மண்டல வரைபடம் உண்டு. அதன் நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒட்டிவைக்கச் சொல். வீடு எழும்பிய பிறகு நோட்டீஸ் அனுப்புவதைவிட, வானம் தோண்டும் முன்னால் போய்ச் சொல்வது நல்ல மனிதர் செய்கிற காரியம். பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் திறந்தவெளியில் கறி வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் விமான விதிகள் தடுக்கின்றன. சட்டத்தைக் காட்டி மிரட்டாதே. குப்பைக்கு மாற்று இடம் தேட நீயும் அவர்களோடு அலை.

5. நிலம் கொடுத்தவர்களின் திண்ணையில் உட்கார். சேலம் விமான நிலைய விரிவாக்கம் என்றதும் காமலாபுரம் பக்கத்து விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. கிணறும் தென்னையும் பிள்ளைகள் படிப்பும் அந்த மண்ணில்தான் இருந்தன. நீ ஒரு கோட்டைப் பத்து மீட்டர் நகர்த்தினால் ஒரு கிணறு பிழைக்கும் என்றால், நகர்த்த முடியுமா என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார். முடியாவிட்டால் நீயே போய்ச் சொல். கடிதத்தில் தெரிந்துகொள்ளும்படி விடாதே. பணம் எப்போது வரும் என்று கேட்பார்கள். தெரியாத தேதியைச் சொல்லாதே.

6. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. முனையம் கட்டினால் விமானம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. சேலத்துக்கு மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018இல் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. வேலூரில் ஓடுதளமும் கட்டடமும் ஆயத்தமான பிறகும் வருஷக்கணக்கில் காத்திருப்பு. இதனால் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் முப்பது வருஷத்துக்கு வரை, கையில் இன்றைக்குத் தேவையானதைக் கட்டு. நாளைக்கு முனையத்தை எந்தப் பக்கம் நீட்டுவோம், இரண்டாவது இணைப்புத்தளம் எங்கே வரும் என்பதை இன்றே குறித்து, அந்த வழியில் மின்கம்பியும் குழாயும் போகாமல் பார்த்துக்கொள். நம் தாமிரபரணிப் பாலத்தைச் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டினார், 1843இல் திறந்தார்கள். மாட்டுவண்டிக் காலத்துப் பாலம். பின்னால் அதை அகலப்படுத்த முடிந்தது, பக்கத்திலேயே புதுப் பாலமும் போட முடிந்தது. அதில் நடக்கும்போதெல்லாம் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றும் எனக்கு.

7. மூடப்போகும் வேலையை மூடும் முன்னால் பார். தார் போட்ட பிறகு எல்லா ஓடுதளமும் ஒரே கறுப்புத்தான். அடியில் மண்ணை எத்தனை அடுக்காக இறுக்கினார்கள், ஈரம் சரியாக இருந்ததா, கரிசல் மண்ணை அப்புறப்படுத்தினார்களா என்பதெல்லாம் அன்றைக்குப் பார்த்தால்தான் உண்டு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், மேலே எதைப் போட்டாலும் தூக்கும். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே. தீபாவளிக்கு ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும் பெட்டியை வாசலிலேயே திருப்பிவிடு.

8. புல் வெட்டுகிறவர், தீயணைப்பு வண்டிக்காரர், கோபுரத்தில் இருப்பவர் மூவரோடும் சேர்ந்து வாரம் ஒருமுறை டீ குடி.

9. சின்ன விமானத்தை மறந்துவிடாதே. நிலையம் வளரும்போது முதலில் ஓரங்கட்டப்படுவது அதுதான். சென்னை மீனம்பாக்கமே 1930களில் பறக்கும் கழகத்தின் சின்ன விமானங்கள் ஏறி இறங்கிய திடல். இன்றைக்குச் சேலத்திலிருந்து பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. கோவில்பட்டிப் பக்கம் பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர மாநில அரசின் டிட்கோ நிறுவனம் முயல்கிறது. நம் பிள்ளைகள் விமானி ஆக வடக்கே எங்கேயோ போகாமல் நம் பக்கத்திலேயே படிக்கலாம் என்றால் அது எத்தனை பெரிய காரியம்!

அவர்களுக்குத் தேவை அதிகமில்லை. பெரிய விமானத்தின் எஞ்சின் காற்று படாத தூரத்தில் தனி நிறுத்துமிடம். ஆடிக் காற்றில் விமானம் புரண்டுவிடாமல் கயிறு கட்டத் தரையில் இரும்பு வளையங்கள். நிழலுக்கு ஒரு கொட்டகை. ஜெட் விமானம் குடிக்கும் எண்ணெய் வேறு, பிஸ்டன் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் வேறு. ஆகவே அதற்கென்று சின்னதாக ஓர் எரிபொருள் ஏற்பாடு. மாணவன் இறங்கி வந்தால் முகம் கழுவக் குழாய், குடிக்கத் தண்ணீர். நோயாளியை ஏற்றிப் போகும் விமானம் வந்தால் ஆம்புலன்ஸ் நேரே பக்கத்தில் போய் நிற்க ஒரு வாசல். அந்த வாசலின் சாவி ராத்திரி இரண்டு மணிக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் நீயே எழுதிவை.

உங்கள் நிலையத்துக்கு வருகிற சின்ன விமானங்கள் எவை, எந்த மாதம் எத்தனை என்று கோபுரத்துப் பதிவேட்டைப் பார்த்து ஒரு பட்டியல் எடு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அதைக் கொண்டு வா. முற்றத்தில் பாய் விரித்து, அவற்றை எங்கே நிறுத்தலாம் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.