முகப்பு விளக்கும் ஓம் விதியும்

வாடகைக்கு மின்சாரக் கார் ஓட்டுகிறார் என் தந்தை. ஒரு முகப்பு விளக்கு மங்கிப்போக, இரவுச் சவாரி நின்றது. விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டுமென்றனர் பணிமனையில். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை.

மின்சாரக் காரிலும் முகப்பு விளக்கிற்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் துணை பேட்டரியே. ஆரஞ்சு நிறத்து உயர் மின்னழுத்தக் கம்பிகளை நெருங்காமல், மல்டிமீட்டர் கொண்டு அளந்தேன். பேட்டரியில் 12 வோல்ட். எரியும் பல்பின் முனைகளில் எட்டுதான்! மீதி நான்கு எங்கே? காரின் உடலோடு சேரும் எர்த் இணைப்பில் துரு ஏறியிருந்தது. ஏறத்தாழ 4 ஆம்பியர் பாயும் வழியில் 1 ஓம் தடை இருப்பின், 4 வோல்ட் அங்கேயே வெப்பமாய் வீணாகும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன், ஒளி திரும்பிற்று.

“இது எந்த வகுப்புப் பாடம்டா?” என்றார் அப்பா.

“பத்தாம் வகுப்புப்பா.”

“நான் எட்டோட நின்னுட்டேனே” என்றவர், அன்றிரவே சவாரிக்குப் புறப்பட்டார்.