அன்னதான வாளியில் ஹைட்ரஜன்

கோயில் அன்னதானம் முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் ஒரே வாளியில் கொட்டுவோம், இல்லையா? என் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அதைத்தான் எடுத்துப் போனேன்.

காற்றுப் புகாத போத்தலில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து ஹைட்ரஜன் தரும். ஒரு மோல் குளுக்கோஸ் அசிட்டிக் அமிலமாக மாறினால் அதிகபட்சம் 4 மோல் ஹைட்ரஜன். பியூட்டிரிக் அமிலமானால் 2தான். பருப்பின் புரதத்தில் கிடைப்பது சொற்பம். எண்ணெய், நெய் கூடினால் பாக்டீரியாவே முடங்கிவிடும்.

என் போத்தலில் குமிழியே வரல! சந்தேகம் தயிர்சாதத்தின் மேல். தயிரிலுள்ள பாக்டீரியா முந்திக்கொண்டு சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிவிடும், ஹைட்ரஜன் தராது. மறுவாரம் வெறும் சோற்றை மட்டும் போட்டேன், நுரைத்துக்கொண்டு வந்தது.

சமையற்கட்டு அண்ணனிடம் தனி வாளி கேட்டேன். "பரிமாறவே ஆள் இல்ல தம்பி, யாரு பிரிக்கிறது?" என்றார். இந்த வெள்ளிக்கிழமை வாளிப் பக்கம் நான்தான் நிற்கப்போகிறேன்.