பிள்ளைகளின் சிறுநீரக நோயும் வெள்ளணுக்களும்

சிறுநீரக நோய் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது நீரிழிவும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும்தான். அத்தகைய இயந்திரங்களுக்கு வாரி வழங்கும் அன்பர்களுக்கு, சிறு பிள்ளைகளைத் தாக்கும் வேறொரு நோயைப் பற்றி எடுத்துரைக்க விரும்புகிறேன். குழந்தைகள் வார்டில் பல்லாண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் நான்.

'நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்' என்பது அதன் பெயர். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வரும். காலையில் கண் இமைகள் வீங்கியிருக்கும். பூச்சிக்கடி என்று எண்ணியே சில நாள்கள் கழிந்துவிடும். பிறகு கால், வயிறு என்று வீக்கம் பரவும். சிறுநீர் நுரைக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றின் வெளிப்புறத்தில் சில உயிரணுக்கள் விரல்களைக் கோத்தாற்போல் காவல் நிற்கின்றன. இந்நோயில் அவ்விரல்கள் தட்டையாகிவிடுவதால், இரத்தத்தில் இருக்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் பழுது ஏதும் தெரியாது. மின்னணு நுண்ணோக்கியில்தான் தெரியும்.

வடிகட்டியைக் கெடுப்பது யார்? 1974-ல் சால்ஹூப் என்ற மருத்துவர், குற்றவாளி சிறுநீரகத்தில் இல்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒருவகையான டி அணுக்களில் இருக்கிறது என்று எழுதினார். தட்டம்மை கண்ட சில பிள்ளைகளுக்கு இந்நோய் தணிந்ததும், வெள்ளணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து பலனளித்ததும் அவர் காட்டிய சான்றுகள். பின்னர், பி அணுக்களை மட்டும் அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும் நோய் திரும்பி வருவதைக் குறைத்தது. எதிர்ப்பொருள்களை உண்டாக்குவது அந்த பி அணு வம்சமே. வடிகட்டியின் 'விரல்களை' இணைக்கும் நெஃப்ரின் என்ற புரதம் 1998-ல்தான் அறியப்பட்டது. அதையே தாக்கும் எதிர்ப்பொருளை, நோய் முற்றியிருந்து மருந்து தொடங்காத பிள்ளைகளில் 10 பேருக்கு 9 பேரிடம் கண்டதாக ஹாம்பர்க் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்டனர். நம்மைக் காக்கும் படையே வீட்டுக் கதவை உடைக்கிறது எனலாம்.

பிரெட்னிசொலோன் மாத்திரையால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வாரங்களுக்குள் கசிவு நிற்கிறது. ஆனால் முகம் உப்புகிறது, பசி கூடுகிறது என்று அஞ்சித் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திய தாய்மாரை நான் கண்டதுண்டு. வீக்கம் வடிந்ததும் நோய் தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. வெள்ளணுக்கள் அடங்கும் முன்னே மருந்தை விட்டால் கசிவு மீண்டும் தொடங்கும். திடீரென நிறுத்துவது உடலுக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவில்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

சளிக்காய்ச்சலுக்குப் பின் நோய் திரும்புவது வழக்கம். ஆகவே காலைச் சிறுநீரில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, நாள்காட்டியில் குறித்து வாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் புரதம் மூன்று கூட்டல் குறி காட்டினால், வீக்கத்திற்குக் காத்திராமல் அன்றே பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.