புது ரகம் பிறப்பது எப்படி? ஸ்ட்ராபெர்ரி சொல்லும் பாடம்



ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஸ்ட்ராபெர்ரி பயிராகிறது. கடன் போட்டு நாற்று வாங்கும்போது நாம் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு நாற்று என்ன விலை?" என்பதுதான். "இது என்ன ரகம்? அந்த ரகம்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் குறைவு. நாற்றாக இருக்கும்போது எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். காய்ப்புக்கு வந்த பிறகு ரகம் வேறு என்று தெரிந்தால், நமக்கு மிஞ்சுவது கடன் தவணை மட்டும்தான்.

அதனால் இந்த மாதப் பாடத்தில், ஒரு புது ரகத்தை எப்படி உண்டாக்குகிறார்கள், அதன் அடையாளத்தை எப்படி எழுதி வைக்கிறார்கள் என்று பார்ப்போம். ஸ்ட்ராபெர்ரி போடாத குழுக்களுக்கும் இது உதவும். கத்தரி, மிளகாய், அவரை எதுவானாலும் வழி இதுதான்.

தற்செயலாகப் பிறந்த பழம்

இன்று கடையில் பார்க்கிற பெரிய ஸ்ட்ராபெர்ரி காட்டில் விளைந்தது அல்ல. 1714ஆம் ஆண்டு பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஃப்ரேசியே என்பவர், தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். வழியில் தப்பிப் பிழைத்தவை சில செடிகள்தான். அவையும் பெண் பூ மட்டுமே பூக்கிற செடிகள். மகரந்தம் இல்லாததால் பழம் பிடிக்கவில்லை. பிறகு வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரியைப் பக்கத்தில் நட்டபோது காய்த்தது. அந்தப் பழத்தின் விதையிலிருந்து புது வகைச் செடி வந்தது. அது இந்த இரண்டும் சேர்ந்த கலப்பு என்று 1766ஆம் ஆண்டு விளக்கிச் சொன்னவர் துஷேன் என்ற பிரெஞ்சு தாவரவியலாளர்.

அன்று தானாக நடந்த கலப்பை இன்று திட்டம் போட்டுச் செய்கிறார்கள்.

ரகம் உண்டாக்கும் படிகள்

1. பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது: ஒரு செடியில் பழம் இனிப்பு, ஆனால் நோய் தாக்கும். இன்னொன்றில் நோய் தாக்காது, ருசி சுமார். இரண்டின் நல்ல குணமும் ஒரே செடியில் வரவேண்டும் என்பதுதான் நோக்கம்.

2. கலப்பது: தாய்ச் செடியின் மொட்டு விரியும் முன்பே, அதில் உள்ள மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வேறு மகரந்தம் சேராமல் பூவுக்கு உறை போட்டுவிடுவார்கள். எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டுவார்கள். சீட்டு தவறினால் வேலை முழுவதும் வீண்.

3. விதை போடுவது: பழத்தின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன மணிகளை எடுத்து, சில வாரம் குளிரில் வைத்து, பிறகு விதைப்பார்கள். ஸ்ட்ராபெர்ரியில் ஒவ்வொரு விதைச் செடியும் வேறு வேறாக இருக்கும். ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்று போலவா இருக்கிறார்கள்? அப்படித்தான்.

4. கழிப்பது: ஆயிரக்கணக்கான செடிகளிலிருந்து சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவார்கள். பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான்.

5. பெருக்குவது: தேர்ந்தெடுத்த செடி விடுகிற ஓடுகொடியில் (நம்ம ஆட்கள் 'ரன்னர்' என்பார்கள்) வேர் பிடிக்கும் குட்டிச் செடிகள், தாயைப் போலவே இருக்கும். ஒரு ரகத்தின் இலட்சம் நாற்றும் ஆரம்பத்தில் ஒரே ஒரு விதையில் முளைத்த செடியின் பிள்ளைகள்தான். அதனால்தான் கடைப் பழத்தின் விதையைப் போட்டால் அந்த ரகம் கிடைப்பதில்லை.

6. சோதிப்பது: பல இடங்களில், பல பருவங்களில் நட்டு, பழைய ரகத்தோடு ஒப்பிடுவார்கள். கலப்பிலிருந்து வெளியீடு வரை பல வருஷம் ஆகும்.

கொரியா விவசாயிகளுக்கு நடந்தது

2005ஆம் ஆண்டு வாக்கில் தென்கொரியாவில் விளைந்த ஸ்ட்ராபெர்ரியில் உள்நாட்டு ரகம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலும் ஜப்பான் ரகங்கள். 2002ஆம் ஆண்டு அந்த நாடு புது ரகங்களைப் பாதுகாக்கும் சர்வதேச அமைப்பில் சேர்ந்தது. அப்போது, நாம் பயிரிடும் ரகத்துக்கு வெளிநாட்டுக்குக் காப்புரிமைத் தொகை கட்ட வேண்டி வருமே என்ற கவலை விவசாயிகளுக்கு வந்தது.

நோன்சான் என்ற ஊரில் உள்ள அரசு ஸ்ட்ராபெர்ரி ஆராய்ச்சி நிலையம் 2005இல் 'சொல்ஹ்யாங்' என்ற ரகத்தைத் தந்தது. பெயரின் பொருள் 'பனி மணம்'. தாய் 'அகிஹிமே', தந்தை 'ரெட் பேர்ல்'. இரண்டுமே ஜப்பான் ரகங்கள். அடுத்தவர் ரகத்தைப் பெற்றோராக வைத்துப் புது ரகம் உண்டாக்க சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான். சாம்பல் நோயைத் தாங்கி, நல்ல மகசூல் தந்ததால் விவசாயிகள் இதற்கு மாறினார்கள். இன்று அங்கே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்நாட்டு ரகம்தான். ஆனால் இதன் பழம் மென்மையானது, தூர தேசம் அனுப்பத் தாங்காது. எல்லாக் குணமும் ஒரே ரகத்தில் கிடைக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

அடையாளம் எழுதுவது

"நல்ல பழம், பெரிய பழம்" என்று எழுதினால் அது ரக விவரம் ஆகாது. அடுத்தவர் படித்துவிட்டு வயலில் போய் அந்தச் செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக்குப் பார்க்கிற குறிப்புகளில் சில:

• செடி: நிமிர்ந்து நிற்கிறதா, படர்கிறதா? அடர்த்தியா? ஓடுகொடி அதிகமா, குறைவா?
• இலை: பச்சை வெளிரா, அடர்த்தியா? பளபளப்பு உண்டா? ஓரத்துப் பல் எப்படி?
• பூங்கொத்து: இலைக்கு மேலே நிற்கிறதா, உள்ளே மறைகிறதா?
• பழம்: கூம்பு வடிவமா, இதய வடிவமா, உருண்டையா? தோல் நிறம், உள் சதை நிறம், கெட்டித்தன்மை.
• மணி: தோலில் புதைந்திருக்கிறதா, சமமாக இருக்கிறதா, துருத்துகிறதா?
• காம்புப் பக்கத்துப் பச்சைத் தொப்பி: பழத்தைவிட அகலமா, குறைவா?
• காலம்: முதல் பூ எப்போது, முதல் பறிப்பு எப்போது? வருஷத்தில் ஒரு முறை காய்ப்பா, விட்டு விட்டுக் காய்ப்பா?

ஒரே செடியை மட்டும் பார்த்து எழுதக் கூடாது. பல செடிகளைப் பார்க்க வேண்டும். பழைய ரகத்தைப் பக்கத்திலேயே நட்டு ஒப்பிட வேண்டும். எடை, அளவு போன்றவற்றை எண்ணால் எழுத வேண்டும்.

இதிலிருந்து மூன்று கேள்விக்குப் பதில் வரும். மற்ற ரகத்திலிருந்து தெளிவாக வேறுபடுகிறதா? இது தனித்தன்மை. எல்லாச் செடியும் ஒன்று போல இருக்கிறதா? இது ஒரேசீர்மை. திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் மாறாமல் இருக்கிறதா? இது நிலைத்தன்மை. ஒரு விஷயம் கவனியுங்கள். சொந்தத் தோட்டத்து ரன்னரையே வருஷா வருஷம் நட்டு மகசூல் குறைந்தால், ரகம் மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் வைரஸ் போன்ற நோய் சேர்ந்திருக்கும். அப்போது நோயில்லாத புது நாற்றுதான் வழி.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

நம் நாட்டில் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம் 2001இல் வந்தது. நட்டுப் பெருக்கும் கொடி, கிழங்கு போன்றவையும் இந்தச் சட்டத்தில் 'விதை'தான். அதன்படி, பதிவான ரகத்தின் விதையைக்கூட விவசாயி சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். ஆனால் அந்த ரகத்தின் பெயர் போட்டு, பாக்கெட் கட்டி, முத்திரை விதையாக விற்கக் கூடாது. விற்பவர் சொன்ன பலன் வராவிட்டால் இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. அதற்கு ரசீது வேண்டும்.

விவசாயிகள் தாங்களே காத்து வந்த ரகத்தையும் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் இல்லை. ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் நம்ம நோட்டில்தான் பிறக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விதையை எடுத்து வைப்பது பெண்கள்தான். எழுதி வைக்காததால் அந்த அறிவுக்கு நம் பெயர் வருவதில்லை.

குழுவில் செய்து பாருங்கள்

1. உறுப்பினர் ஒருவர் வீட்டில் தலைமுறையாக வரும் ஒரு காய்ப்பயிரைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்தில் கடை விதையையும் விதையுங்கள்.
2. இரண்டிலும் பத்துச் செடிகளைக் குச்சி நட்டு அடையாளம் செய்து, செடி, இலை, பூ, காய், காலம் என்று ஐந்து தலைப்பில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும்.
3. இருவர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். வேறுபட்டால் மறுபடி வயலுக்குப் போய்ப் பாருங்கள்.
4. இனிமேல் நாற்று வாங்கக் கடன் கொடுக்கும்போது, ரகப் பெயர், தேதி, எண்ணிக்கை உள்ள ரசீது அவசியம் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

கலந்து பேச: உங்கள் ஊரில் பாட்டி காலத்தில் இருந்து இப்போது காணாமல் போன ரகம் எது? அதன் அடையாளம் யாருக்காவது நினைவிருக்கிறதா? நினைவு இருக்கும்போதே எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.